ஊதிக் காட்டியதோடு முடியவில்லை டாக்டர்: நுரையீரல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நுரையீரல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு இயன்முறை சிகிச்சையாளர்; பிசியோதெரபிஸ்ட் என்றால் எல்லோருக்கும் புரியும். சி.ஓ.பி.டி. என்று நாம் சுருக்கிச் சொல்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து வருகிறவரை நீங்கள் மீட்டெடுத்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என்னால் செய்ய முடியாத வேலை அது. ஆனால் அதே ஆள் வீட்டுக்குப் போனபிறகு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் தவிப்பதைப் பெரும்பாலும் நான்தான் பார்க்கிறேன், அதை உங்களிடம் நேராகவே சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த நோயாளிகளின் தொடைக்கும் இதயத்துக்கும் ஆள் இல்லை. நுரையீரலை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். இதயத்தை இதய மருத்துவர் பார்ப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் நெஞ்சுவலி என்று ஒன்று வந்தால்தானே அவரிடம் போவார்கள்? அதுவரைக்கும் வருகிற மூச்சிரைப்பெல்லாம் நுரையீரல் கணக்கில்தான் எழுதப்படுகிறது. தொடைத் தசையைக் கேட்கவே வேண்டாம், அதற்கு என்று எந்த ஓ.பி.யும் கிடையாது. இந்த இரண்டையும் நீங்கள் உங்கள் அறைக்குள்ளேயே, உங்கள் நாற்காலியிலிருந்தே பார்க்க ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்கிறேன். வேறு யாரும் பார்க்கப் போவதில்லை, ஏனென்றால் இவர்கள் தவறாமல் வந்து நிற்கிற ஒரே இடம் உங்கள் அறைதான்.

என்னிடம் வருகிறவர்களை முதல் நாள் ஒரு சாதாரண நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வேன். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலை. சமீபத்தில் வந்த ஒருவரின் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரலைச் சோதிப்பது) ரிப்போர்ட்டில் 'மிதமான அடைப்பு' என்று இருந்தது, மருந்தெல்லாம் ஒழுங்காக எடுக்கிறவர், இன்ஹேலரை உறிஞ்சும் முறையும் சரியாகத்தான் இருந்தது. முதல் தடவை எழுந்தார். இரண்டாவது தடவை இடுப்பை நாற்காலியின் விளிம்புக்கு நகர்த்திக்கொண்டு, உடம்பை முன்னால் தள்ளி எழுந்தார். மூன்றாவதில் இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ள, கட்டியிருந்த கை தானாகப் பிரிந்து கைப்பிடியைத் தேடியது. அதோடு நின்றுவிட்டார். விரலில் மாட்டியிருந்த ஆக்சிமீட்டர் ஆரம்பத்தில் என்ன காட்டியதோ கிட்டத்தட்ட அதையேதான் காட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்குகிறதா என்றேன், வாங்குகிறது என்றார். எது முதலில் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொடைதான் முதல்ல விட்டுடுச்சு, அப்புறம்தான் மூச்சு" என்றார். இதை இதுவரை யாராவது கேட்டார்களா என்றால், மூச்சைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள், காலைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன் என்றார்.

இதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. கேட்டால்தானே சொல்வார்கள்.

முதல் நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறார் என்கிற அந்த எண், அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்கு அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணுக்கும் ஒருவர் எவ்வளவு தூரம் நடப்பார், எவ்வளவு திணறுவார் என்பதற்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்று சி.ஓ.பி.டி. சிகிச்சைக்கு நீங்கள் பின்பற்றுகிற சர்வதேச கோல்ட் வழிகாட்டுதலே சொல்கிறது. ஒரே அளவு ஊதுகிற இரண்டு பேரில் ஒருவர் மாடி ஏறிப் போவார், இன்னொருவர் குளியலறைக்குப் போய்வந்து கட்டிலில் சாய்வார். 2004-இல் வந்த போட் குறியீடு இதற்காகத்தானே உருவானது? உடல் எடை, அடைப்பின் அளவு, மூச்சிரைப்பு, ஆறு நிமிட நடைத் தூரம் நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் யார் பிழைப்பார் யார் ஆபத்தில் இருக்கிறார் என்பது, ஊதும் எண்ணை மட்டும் பார்ப்பதைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. அப்படிக் காட்டி இத்தனை வருஷம் ஆகியும், என் கைக்கு வருகிற கோப்புகளில் நடைத் தூரம் எழுதியிருப்பது அபூர்வம். ஊதிய எண் மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் இருக்கும்.

தொடைத் தசையில் நடப்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதை நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தசையில் பொதுவாக இரண்டு வகை நார்கள். ஒன்று நிதானமாக, ஆக்சிஜனைப் பயன்படுத்தி, ரொம்ப நேரம் களைக்காமல் வேலை செய்யும். மற்றது சட்டென்று பலம் காட்டும், சீக்கிரமே ஓய்ந்துவிடும். சி.ஓ.பி.டி. உள்ளவர்களின் தொடையில் முதல் வகை குறைந்து இரண்டாம் வகையின் பங்கு கூடிவிடுகிறது. ஆக்சிஜனை எரிக்கிற நொதிகளும் குறைகின்றன, தசையைச் சுற்றியிருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்களும் குறைகின்றன. ஆகவே கொஞ்சம் நடந்ததுமே தசை லாக்டிக் அமிலத்தைக் கக்க ஆரம்பிக்கிறது, அந்த அமிலத்தைச் சமாளிக்க உடம்பு கூடுதல் கரியமில வாயுவை வெளியேற்ற வேண்டியிருக்கிறது, அதற்கு இன்னும் வேகமாக மூச்சுவிட வேண்டும். வேகமாக மூச்சுவிட்டால்? உள்ளே போன காற்று முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும், நெஞ்சுக் கூட்டுக்குள் காற்று அடைபட்டுக்கொண்டே போகும். அதாவது, தொடை பலவீனமாக இருப்பதாலேயே மூச்சிரைப்பு அதிகமாகிறது. நோயாளி 'மூச்சு வாங்குகிறது' என்று சொல்லும்போது அதில் ஒரு பங்கு காலிலிருந்து வருகிறது. அதை இன்ஹேலரால் மட்டும் தீர்க்க முடியாது.

இதில் என்னை வெகுநாள் யோசிக்கவைத்த விஷயம் ஒன்று உண்டு. அதே ஆளின் உதரவிதானத்தில், அதாவது நுரையீரலுக்குக் கீழே இருக்கிற மூச்சுத் தசையில், நடப்பது நேர் எதிர். அங்கே களைப்பைத் தாங்குகிற முதல் வகை நார்களின் பங்கு கூடுகிறது, ஏனென்றால் அது ராப்பகலாக அதிகச் சுமையை எதிர்த்து வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஒரே ரத்தம், ஒரே அழற்சி, ஒரே ஆக்சிஜன் அளவு, ஆனாலும் வேலை செய்கிற தசை ஒரு பக்கமும் உட்கார்ந்திருக்கிற தசை இன்னொரு பக்கமும் போகிறது. தொடை இப்படி ஆவதற்கு அழற்சியும் ஆக்சிஜன் குறைவும் சத்துக் குறைவும் காரணம்தான், சந்தேகமில்லை, ஆனால் பயன்படுத்தாமல் விட்டதற்கும் பெரிய பங்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. கையிலும்கூடப் பாருங்கள், தொடை அளவுக்கு இவர்களின் கைத்தசை போவதில்லை. கையை வைத்துத்தான் எல்லா வேலையையும் உட்கார்ந்தபடி செய்துகொள்கிறார்களே.

நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். புது நுரையீரல், ஊதினால் நல்ல எண் வருகிறது. ஆனாலும் அவர்களின் உச்சபட்ச உழைப்புத் திறன் அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் அளவில் ஏறக்குறையப் பாதியில் நின்றுவிடுவது வழக்கம். நுரையீரலையே மாற்றியும் நடக்க முடியவில்லை என்றால் தடை எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா?

"இதெல்லாம் முற்றிய நோயாளிகளுக்குத்தான்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. 2010-இல் ஐரோப்பிய நுரையீரல் இதழில் வந்த ஒரு ஆய்வில், மூன்றில் ஒருவருக்குத் தொடைத் தசை பலவீனமாக இருந்தது. லேசான, மிதமான அடைப்பு உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே 28 சதவீதம் பேருக்கு இருந்தது. அதாவது நீங்கள் 'பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்க' என்று அனுப்புகிறவர்களிலேயே நாலில் ஒருவருக்கு மேல். அதற்கு முன்பே, 2007-இல் தோராக்ஸ் இதழில் வந்த ஆய்வு, மிதமான மற்றும் கடுமையான நோய் உள்ளவர்களில் தொடையின் பலம் குறைந்திருந்தால் இறப்பு ஆபத்து கூடுகிறது என்றும், இதை ஊதும் எண்ணைவிடத் தொடைப் பலம் நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது என்றும் சொன்னது. தொடையைத் தொட்டுப் பார்ப்பது பிசியோதெரபிஸ்ட் வேலை என்று ஒதுக்கிவிட முடியாத இடத்துக்கு விஷயம் அப்போதே வந்துவிட்டது.

ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கசப்பான பேச்சு. நோய் திடீரென்று தீவிரமாகும்போது அது தேவை, உயிர் காக்கும். ஆனால் 40 மில்லிகிராம் 5 நாள் கொடுத்தாலே 14 நாள் கொடுத்ததற்குச் சமமாகப் பலன் தருகிறது என்று 2013-இல் ரெட்யூஸ் ஆய்வு காட்டிவிட்டது. அப்படியும் 'மெதுவாகக் குறைத்துக்கொண்டு வாங்க' என்று மூன்று வாரம், நாலு வாரம் நீட்டிக் கொடுத்த சீட்டுகள் என் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. சிலர் வீட்டில் பழைய மாத்திரையைப் பத்திரமாக வைத்திருந்து, மூச்சு கொஞ்சம் இறுகினாலே தாங்களாகவே போட்டுக்கொள்கிறார்கள். முகம் உப்பி, வயிறு பெருத்து, தொடை மட்டும் சூம்பிப் போய் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிந்துவிடும். எடை மெஷினில் நின்றால் எடை குறையவில்லை என்றே காட்டும், ஏனென்றால் தசை போன இடத்தைக் கொழுப்பும் நீரும் நிரப்பியிருக்கும். ஆகவே தயவுசெய்து எடையை மட்டும் பார்த்து 'சத்து நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி நாட்கள். நோய் தீவிரமாகிச் சேர்ந்தவர் நாள் முழுக்கப் படுக்கையிலும் நாற்காலியிலுமாகத்தான் இருக்கிறார், வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆன பிறகும் பழைய அளவுக்கு நடப்பதில்லை. உறவினர்களும் பாசத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எழுந்து எடுக்க விடுவதில்லை. அந்த ஒரு வாரத்தில் போன தசையை மீட்க எங்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது, அதற்குள் அடுத்த தாக்குதல் வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து இன்னும் கீழே இறங்கித்தான் தொடங்க வேண்டும். நோய் தீவிரமாகிச் சேர்ந்து திரும்பியவர்களுக்கு 4 வாரத்துக்குள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி தொடங்க வேண்டும் என்பது வெறும் ஆலோசனை அல்ல, மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்வதைக் குறைக்கிற சிகிச்சை. 2015-இல் கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 65 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, மூச்சிரைப்பு, களைப்பு, வாழ்க்கைத் தரம், நடைத் திறன் எல்லாவற்றிலும் மறுவாழ்வுப் பயிற்சி தெளிவாக உதவுகிறது என்றது. பயிற்சி கொடுப்பதா வேண்டாமா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற பரிசோதனைகள் இனிமேல் தேவையில்லை என்று அந்தத் தொகுப்பையே மூடிவிட்டார்கள். எத்தனை மருந்துகளுக்கு இப்படி ஒரு சான்றிதழ் உண்டு?

ஆனால் நடைமுறை எப்படி இருக்கிறது? அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டில் உள்ள 1,97,000-க்கும் அதிகமான சி.ஓ.பி.டி. நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறி 90 நாளுக்குள் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியவர்கள் அதில் 1.5 சதவீதம் பேர்தான். தொடங்கியவர்களில் அடுத்த ஒரு வருடத்தில் இறந்தவர்களின் விகிதம் மற்றவர்களைவிடக் குறைவு. (வர முடிந்த அளவுக்குத் தெம்பு உள்ளவர்கள்தான் வந்திருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் 1.5 சதவீதம் என்கிற எண்ணுக்கு அது பதில் இல்லையே.) வசதியும் காப்பீடும் உள்ள இடத்திலேயே இந்த நிலை.

சரி, இதயத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குப் பயமே.

சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு இதய நோய் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். புகை இரண்டையும் கெடுக்கிறது என்பது உண்மை, ஆனால் அதோடு முடியவில்லை, புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு மிச்சமிருக்கிறது. சி.ஓ.பி.டி. நோயாளிகளை வைத்து நடந்து 2007-இல் வெளியான டார்ச் ஆய்வில் நடந்த இறப்புகளை ஒவ்வொன்றாக ஒரு குழு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தது. நுரையீரல் காரணங்களால் 35 சதவீதம், இதயமும் ரத்தக் குழாயும் காரணமாக 27 சதவீதம், புற்றுநோயால் 21 சதவீதம். நான்கில் ஒருவருக்கு மேல் இதயத்தால் போகிறார்கள். நாம் நுரையீரலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அதிலும் கண்ணுக்குப் படாத இதயச் செயலிழப்பு. 2005-இல் வந்த ஒரு ஆய்வில், பொதுமருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று பார்த்துவந்த, 65 வயதைத் தாண்டியவர்களை எக்கோ (இதயத்தை ஒலியலையால் படம் பிடிப்பது) உட்பட எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு அதுவரை யாரும் கண்டுபிடிக்காத இதயச் செயலிழப்பு இருந்தது. ராத்திரி படுத்தால் திணறல், காலில் வீக்கம், கொஞ்சம் நடந்தால் இரைப்பு, சோர்வு என்று இரண்டு நோயும் ஒரே வார்த்தைகளில்தான் பேசுகின்றன. காற்று நிறைந்து உப்பிய நெஞ்சில் எக்கோ படமும் சரியாக விழாது, ஸ்டெதஸ்கோப்பில் இதய ஒலியும் மங்கலாகத்தான் கேட்கும். தெரிகிறது, கண்டுபிடிப்பது கஷ்டம்தான். அதற்காகத்தானே பி.என்.பி. என்கிற ரத்தப் பரிசோதனை இருக்கிறது? அது இயல்பாக இருந்தால் இதயச் செயலிழப்பு இல்லை என்று பெரும்பாலும் நிம்மதியாகச் சொல்லலாம், கூடியிருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். இன்ஹேலரை மாற்றி, அதையும் மாற்றி, மூன்றாவதும் எழுதிக் கொடுத்து மூச்சிரைப்பு அப்படியே இருக்கிறது என்றால், நாலாவதை எழுதும் முன் ஒரு முறை இதயத்தைப் பாருங்கள்.

தொடையும் இதயமும் ஒன்றையொன்று மறைக்கிற விதம் இருக்கிறதே, அதை நான் தினமும் பார்க்கிறேன். தொடை பலவீனமான ஆள் வேகமாக நடப்பதே இல்லை. நெஞ்சுவலி வருகிற அளவுக்கு இதயத்துக்கு வேலை கொடுக்க அவர் கால் விடாது. அதனால் ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தாலும் அவருக்கு வலி வராது, ட்ரெட்மில்லில் ஏற்றினாலும் இரண்டு நிமிடத்தில் 'முடியல' என்று இறங்கிவிடுவார், ரிப்போர்ட்டில் 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று வரும், அதோடு கதை முடிந்தது. அந்த வரியை 'இதயத்தில் ஒன்றுமில்லை' என்று படித்து என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். நான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவைத்து, தொடைக்குப் பலம் ஏற்றி, ஐந்தாவது ஆறாவது வாரத்தில் அவர் முதல்முறையாக வேகம் எடுக்கும்போது, "நெஞ்சுல ஏதோ இறுக்குது" என்பார். அந்த நேரத்தில் என் கையில் இருப்பது ரத்த அழுத்தக் கருவியும் ஆக்சிமீட்டரும்தான். டாக்டர், இது நடக்கிறது. நடக்கவே கூடாத நேரத்தில் நடந்துவிடக் கூடாதே என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன், நடந்து காட்ட முடியாதவருக்கு மருந்து கொடுத்து இதயத்தைச் சோதிக்கிற வழியோ வேறு படமோ உண்டு, எது இந்த நுரையீரலுக்குப் பாதுகாப்பானது என்று இதய மருத்துவரோடு சேர்ந்து பேசி முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள்.

நோய் தீவிரமான பிறகு வருகிற நாட்கள் இன்னும் மோசம். இதய நோய் உள்ள அல்லது அது வரும் வாய்ப்பு அதிகமாக உள்ள சி.ஓ.பி.டி. நோயாளிகளை வைத்து நடந்த சம்மிட் ஆய்வின் தரவை 2018-இல் அலசியபோது, தீவிரத் தாக்குதல் வந்த முதல் 30 நாளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நேரும் ஆபத்து சாதாரண நாட்களைவிட 3.8 மடங்கு இருந்தது. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போனவர்களுக்குக் கிட்டத்தட்ட 10 மடங்கு. நெஞ்சுச் சளி தெளிந்துவிட்டது, மூச்சு பரவாயில்லை என்று வீட்டுக்கு அனுப்புகிற நாளில்தான் இதயம் ஆபத்தான மாதத்தின் நடுவில் இருக்கிறது. ஆனால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டில் இதயத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. புதிதாக நெஞ்சு இறுக்கமோ படபடப்போ ஒரு பக்க பலவீனமோ வந்தால் இன்ஹேலரை அடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, உடனே வர வேண்டும் என்று அந்த வீட்டாரிடம் யாராவது சொல்லியிருக்கிறோமா?

இதயத்தின் வேகத்தைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மருந்து விஷயத்தை எடுத்தாலே சிலருக்குக் கோபம் வருகிறது, பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்தவருக்கும் இதயச் செயலிழப்பு உள்ளவருக்கும் உயிர் காக்கும் மருந்தை, 'மூச்சுக் குழாய் சுருங்கிவிடும்' என்று சொல்லி நிறுத்திவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. இதயத்தைக் குறிவைத்து வேலை செய்கிற வகை பீட்டா பிளாக்கர்கள் சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பாகவே இருக்கின்றன என்பது பல வருடமாகத் தெரிந்தது. ஆஸ்துமா கதை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதே சமயம் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இதயத்துக்குத் தேவையே இல்லாதவர்களுக்கு, நுரையீரல் தாக்குதலைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் மெட்டோப்ரோலால் என்கிற பீட்டா பிளாக்கரைக் கொடுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில் பலன் இல்லை, ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கான தாக்குதல்கள் அதிகமாயின. ஆகவே எல்லோருக்கும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இதயம் கேட்கிறது என்றால் நுரையீரலைக் காட்டி மறுக்காதீர்கள் என்கிறேன். நோயாளி தானாக நிறுத்திவிட்டாரா என்றும் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

நுரையீரல் சிகிச்சையே இதயத்துக்கும் உதவுகிறது என்ற நல்ல செய்தியும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடக் கூடாது. அடைபட்ட காற்றால் உப்பிய நுரையீரல் இதயத்தை நெருக்குகிறது, இதயத்துக்குள் ரத்தம் நிரம்புவது குறைகிறது. 2018-இல் வந்த கிளெய்ம் ஆய்வில், நுரையீரல் உப்பிய நோயாளிகளுக்கு மூச்சுக் குழாயை விரிக்கும் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது உப்பல் குறைந்து, இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தின் அளவு கூடியது. எனவே இன்ஹேலரை ஒழுங்காக எடுப்பதும் இதய வைத்தியம்தான் என்று நான் என் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. அதைக் கேட்டபிறகு பலர் அதை விடாமல் எடுக்கிறார்கள்.

உங்கள் நேரம் எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும். வெளியே வரிசை நிற்கிறது, ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிசு. அதனால் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஐந்து முறை எழுந்து உட்காரவைக்க ஒரு நிமிடம் போதும், உங்களுக்கு நேரமில்லை என்றால் நர்ஸ் வெளியிலேயே பார்த்து சீட்டில் எழுதிவிடலாம், ரத்த அழுத்தம் எழுதுகிற மாதிரி. நாலு மீட்டர் தூரத்தைத் தரையில் குறித்து வைத்து இயல்பான நடையில் நடக்கச் சொன்னால், ஐந்து நொடிக்கு மேல் எடுக்கிறவர் யார் என்று தெரிந்துவிடும், அவரைக் கவனிக்க வேண்டும். 'நடக்கும்போது மூச்சு முதலில் நிற்க வைக்கிறதா, கால் முதலில் நிற்க வைக்கிறதா' என்று ஒரு கேள்வி. வருடத்துக்கு ஒரு முறையாவது இ.சி.ஜி., ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை பார்த்து எழுதுவது. நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பது, இந்த நோயாளிகளுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாறுமாறான இதயத் துடிப்பு அதிகம் வருகிறது, பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய்விடும்.

மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பும்போது 'நடங்க, நல்லது' என்று வாயால் சொல்லி அனுப்பாமல் சீட்டில் எழுதுங்கள். இதை நான் எத்தனை அழுத்திச் சொன்னாலும் போதாது. மருந்துச் சீட்டில் டாக்டர் கையெழுத்தில் எழுதியதை நோயாளி சிகிச்சை என்று எடுத்துக்கொள்கிறார், வாயால் சொன்னதை அறிவுரை என்று எடுத்துக்கொள்கிறார், அறிவுரையை யார் பின்பற்றுகிறார்கள்? வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, 8 வாரம், நடையோடு தொடைக்கும் எடை வைத்துப் பயிற்சி என்று எழுதுங்கள். சும்மா நடப்பது மட்டும் போதாது, தசை வளர அதற்குச் சுமை கொடுத்தாக வேண்டும். ஒரேயடியாக நடக்க முடியாதவரை இடைவெளி கொடுத்துக் கொடுத்து நடக்கவைப்போம், ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் ஓய்வு. படுக்கையைவிட்டே எழ முடியாதவருக்கும் தொடையில் மின் தூண்டல் கொடுத்துப் பலம் ஏற்ற முடியும், ஆகவே 'இவருக்கு முடியாது' என்று நீங்களே முடிவு செய்து அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். புரதமும் போதுமான உணவும் இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் தசை ஏறாது என்பதால் அந்தச் சீட்டிலேயே உணவு ஆலோசகருக்கும் ஒரு வரி போட்டுவிட்டால் எங்கள் வேலை பாதி குறையும்.

பக்கத்தில் மையமே இல்லை, அனுப்பி என்ன பிரயோஜனம் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. 2017-இல் தோராக்ஸ் இதழில் வந்த ஒரு பரிசோதனையில், ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பயிற்சியைத் தொடங்கிவைத்து, வாரம் ஒருமுறை போனில் பேசி, 8 வாரம் வீட்டிலேயே செய்யவைத்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. முடிவில் அவர்கள் மையத்துக்கு வந்து செய்தவர்களுக்குச் சளைக்காத அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். அந்த முறையை என்னைப் போன்றவர்கள் நடத்த முடியும், நடத்தவும் தயாராக இருக்கிறோம். எங்களுக்குத் தேவையானது நோயாளியின் பெயருக்குக் கீழே நீங்கள் எழுதுகிற மூன்று விவரங்கள்: இதயம் பார்த்தாயிற்றா, பார்த்ததில் என்ன தெரிந்தது, எந்த அளவு வரைக்கும் நாங்கள் உழைக்கவைக்கலாம். அது வந்துசேர்ந்த அடுத்த நாளே போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிடுவோம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் நோயாளிகளை நடக்கவைக்கிற ஒரு பிசியோதெரபிஸ்ட்